அணு உலை விபத்து: எது பெரியது என்று எதை வைத்துச் சொல்வது?

பென்சில்வேனியாவில் மூடிக் கிடக்கும் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையை மறுபடி ஓட்டப் போகிறார்கள், அதன் மின்சாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கப் போகிறது என்ற செய்தி 2024 செப்டம்பரில் வந்தது. அன்று இரவு எங்கள் கசின்ஸ் வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. ஹூஸ்டன் பக்கத்தில் இருக்கும் தம்பி, "அது வெடிச்ச இடம்தானே?" என்று கேட்டான். ஃப்ரீமான்ட் அக்கா, "வெடிக்கல, உருகிச்சு. அதுவும் வேற யூனிட்" என்றாள். நாகர்கோவிலில் இருக்கும் பெரியப்பா பெண் ஒரே ஒரு வரிதான் எழுதினாள்: "எங்க பக்கத்துல ஓடுறதப் பத்தி உங்க யாருக்கும் கவலை இல்ல."

அவள் சொன்னது கூடங்குளத்தை. கன்னியாகுமரியிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது.

இந்த மூன்று பேரும் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. ஒருவனுக்கு விபத்து நடந்த இடத்தின் பெயர். ஒருத்திக்கு உலைக்குள் என்ன நடந்தது என்ற விவரம். இன்னொருத்திக்கு, நடந்தால் தன் வீட்டுக்கு யார் வந்து சொல்வார்கள் என்ற கேள்வி. நாம் "எந்த விபத்து பெரியது?" என்று கேட்கும்போது இதில் எதைக் கேட்கிறோம்?

அதிகாரபூர்வமான ஒரு பதில் இருக்கிறது. பன்னாட்டு அணுசக்தி முகமை 1990இல் ஓர் அளவுகோல் கொண்டுவந்தது. ஐ.என்.இ.எஸ். என்பார்கள். 1 முதல் 7 வரை. 1, 2, 3 என்றால் சம்பவம். 4க்கு மேல் போனால் விபத்து. நிலநடுக்கத்துக்கு ரிக்டர் மாதிரி, ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு கடுமை. த்ரீ மைல் ஐலண்ட் 5. செர்னோபில் 7. ஃபுகுஷிமாவும் 7. இந்தியாவில் 1993 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் டர்பைன் பிளேடு உடைந்து தீப்பிடித்து, நிலையம் முழுவதும் மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததே, அது 3. நரோரா பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நானும் கல்லூரிக்கு வரும் வரை கேள்விப்பட்டதில்லை.

இந்த எண்கள் உபயோகமானவைதான். ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் விநோதமாக இருக்கும். செர்னோபிலும் ஃபுகுஷிமாவும் ஒரே 7. ஆனால் ஃபுகுஷிமாவிலிருந்து காற்றில் கலந்த கதிரியக்கம் செர்னோபிலில் கலந்ததில் சுமார் பத்தில் ஒரு பங்கு. 7க்கு மேல் எண் இல்லை, அவ்வளவுதான். பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தவனுக்கும் நூறு எடுத்தவனுக்கும் ஒரே 'ஏ' கொடுப்பது போல.

முதலில் த்ரீ மைல் ஐலண்டை எடுத்துக்கொள்வோம். நியூ ஜெர்சிக்காரர்களான நமக்கு அதுதான் பக்கத்து வீட்டுக் கதை. 1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. இரண்டாவது உலைக்குத் தண்ணீர் கொடுக்கும் பம்புகள் நின்றுபோயின. உலை தானாக நின்றது. அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு திறந்தது. திறந்த வால்வு மூடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் ஒரு விளக்கு இருந்தது. வால்வை "மூடு" என்று சிக்னல் போய்விட்டது என்பதை மட்டும்தான் அது காட்டும். வால்வு உண்மையில் மூடியதா என்று காட்டாது. விளக்கைப் பார்த்தவர்கள் மூடிவிட்டது என்று நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து, தானாக ஓடத் தொடங்கிய அவசரக் குளிர்விப்பையும் அவர்களே குறைத்தார்கள். உலையின் மையப்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகியது.

கோடிங் செய்பவர்கள் இந்த விளக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டளை அனுப்பியதையும் வேலை நடந்ததையும் ஒன்றாக நினைத்த ஒரு டிசைன். விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜான் கெமெனி, பேசிக் கணினி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த தகவல்.

இத்தனைக்குப் பிறகு வெளியே என்ன ஆயிற்று? சுற்றியிருந்த சுமார் 20 லட்சம் பேருக்குக் கிடைத்த கூடுதல் கதிர்வீச்சு சராசரியாக 1 மில்லிரெம் என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கணக்கிட்டது. மார்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்தால் சுமார் 6. அமெரிக்காவில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 620. அதில் பாதி மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே வருவது. என் அம்மா பிறந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது. அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிடச் சில மடங்கு அதிகம். எங்கள் ஆச்சி சிறுமியாக விளையாடிய மணல் அது.

ஆக, உலையை வைத்துப் பார்த்தால் பெரிய விபத்து. கோடிக்கணக்கான டாலர் பெறுமானமுள்ள உலை நாசம். மனிதர்களை வைத்துப் பார்த்தால் ஒருவர்கூடச் சாகவில்லை. ஆனால் மூன்றாம் நாள் ஆளுநர், ஐந்து மைலுக்குள் இருக்கும் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் வெளியேறுங்கள் என்றார். சொல்லப்பட்டவர்கள் சில ஆயிரம் பேர். காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள் சுமார் 1,40,000 பேர். அரசு ஒன்று சொல்ல, நிறுவனம் ஒன்று சொல்ல, யாரை நம்புவது என்று தெரியாத ஐந்து நாட்கள். போதாததற்கு, அணு உலை விபத்தைப் பற்றிய 'தி சைனா சிண்ட்ரோம்' படம் பன்னிரண்டு நாட்களுக்கு முன்தான் தியேட்டருக்கு வந்திருந்தது. மக்களுக்கு ஏற்பட்ட முக்கியமான உடல்நலப் பாதிப்பு மன உளைச்சல்தான் என்று கெமெனி குழு எழுதியது. அந்த உளைச்சலை அளக்க 1 முதல் 7 வரையான அளவுகோலில் இடம் இல்லை.

எனக்கு அதைவிடத் திகிலாக இருப்பது, பெயர்கூட யாருக்கும் தெரியாத ஒரு நாள். நம் மாநிலத்தின் தென்மேற்கு ஓரத்தில், டெலவேர் ஆற்றங்கரையில், சேலம் அணு மின் நிலையம் இருக்கிறது. (ஆமாம், சேலம். நம்மூர் மாமாக்கள் எல்லோரும் ஒரு முறையாவது இந்த ஜோக்கைச் சொல்லியிருப்பார்கள்.) 1983 பிப்ரவரி 25 அன்று, முதல் உலையை நிறுத்தும்படி தானியங்கி அமைப்பு உத்தரவு கொடுத்தது. உலை நிற்கவில்லை. மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய பிரேக்கர்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டன. சரியான பராமரிப்பு இல்லாததால் தேய்ந்துபோன உறுப்புகள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் அரை நிமிடத்துக்குள் கையால் நிறுத்தினார்கள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு பதிவுகளைப் புரட்டியபோது, மூன்று நாட்களுக்கு முன், 22ஆம் தேதியும் இதே கோளாறு நடந்திருந்தது தெரிந்தது. அன்று ஊழியர்கள் அதே நேரத்தில் கையால் நிறுத்திவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை.

இதில் சேதம் பூஜ்யம். கதிர்வீச்சு பூஜ்யம். ஆனால் ஆபத்து? நடந்ததன் அளவும் நடந்திருக்கக்கூடியதன் அளவும் ஒன்று அல்ல. பக்கத்து வீட்டில் கேஸ் கசிந்து, தற்செயலாக யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை என்றால், "விபத்தே இல்லை" என்று எழுதிவிட்டுப் போக முடியுமா?

செர்னோபிலுக்கு வருவோம். 1986 ஏப்ரல் 26. அந்த உலையைச் சுற்றி, த்ரீ மைல் ஐலண்டில் இருந்தது போன்ற கனமான கான்க்ரீட் கவசம் கிடையாது. நீர் ஆவியாகும்போது சக்தி குறையாமல் கூடும் வகை உலை. அதில் பாதுகாப்பு அமைப்புகள் சிலவற்றை அணைத்துவிட்டு ஒரு சோதனை நடத்தினார்கள். வெடித்தது. முதல் சில மாதங்களில் சுமார் 30 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தீயணைப்பு வீரர்களும் நிலைய ஊழியர்களும். கதிர்வீச்சுக்கு அதிகம் ஆளானவர்களிடையே காலப்போக்கில் மொத்தம் 4,000 பேர் வரை இறக்கலாம் என்று 2005இல் உலக சுகாதார நிறுவனமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து மதிப்பிட்டன. இன்னும் அதிகம் என்று வாதிடுவோரும் உண்டு.

ஆனால் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது பாலைப் பற்றி. கதிரியக்க அயோடின் புல்லில் விழுந்தது. மாடு மேய்ந்தது. குழந்தைகள் பாலைக் குடித்தார்கள். அயோடின் தைராய்டில் போய்ச் சேர்ந்தது. அப்போது குழந்தைகளாகவும் பதின்பருவத்தினராகவும் இருந்தவர்களில் 2005க்குள் சுமார் 6,000 பேருக்குத் தைராய்டு புற்றுநோய். நல்லவேளையாக அதில் பெரும்பாலானோர் சிகிச்சையில் பிழைத்தார்கள். 15 பேர் இறந்தார்கள். இந்த அயோடினுக்கு ஆயுள் ரொம்பக் குறைவு, எட்டு நாளில் பாதியாகிவிடும். "கொஞ்ச நாள் பாலைக் கொடுக்காதீர்கள்" என்று உடனே சொல்லியிருந்தால் போதும், இந்தக் குழந்தைகளில் மிகப் பலருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சொல்லவில்லை. பக்கத்து நகரமான ப்ரிப்யாத் மக்களை வெளியேற்றவே ஒன்றரை நாள் ஆனது. ஸ்வீடனில் ஓர் அணு மின் நிலைய ஊழியரின் காலணியில் கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் சோவியத் அரசு வாயைத் திறந்தது.

ஃபுகுஷிமாவில் கதை கிட்டத்தட்டத் தலைகீழ். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தாலும் சுனாமியாலும் ஜப்பானில் 18,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அது கடல் செய்தது. சுனாமி வந்து டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடிக்க, மூன்று உலைகள் உருகின. கதிர்வீச்சால் இறந்ததாக ஜப்பான் அரசு 2018இல் ஏற்றுக்கொண்டது ஒரே ஓர் ஊழியரை. ஆனால் 1,50,000க்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் படுக்கையில் இருந்தவர்களைப் பேருந்துகளில் ஏற்றி மணிக்கணக்கில் அலைக்கழித்ததில் பலர் வழியிலேயே இறந்தார்கள். வெளியேற்றம், இடமாற்றம், அதன் பின்விளைவுகள் என்று ஃபுகுஷிமா மாவட்டத்தில் பதிவான மரணங்கள் 2,300க்கு மேல். கதிர்வீச்சைவிட அதிலிருந்து ஓடியது அதிகம் பேரைக் கொன்றது. இதைப் படித்துவிட்டு, ஓடியிருக்கவே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முதல் வாரத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. படுக்கையில் இருப்பவரை எப்படி, எங்கே, யாரோடு அனுப்புவது என்பதை முன்னாலேயே யோசித்து வைத்திருக்கலாம் என்றுதான் சொல்வேன்.

அதே கடற்கரையில், நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில், ஒனகாவா அணு மின் நிலையம் இருந்தது. அங்கும் ஏறக்குறைய 13 மீட்டர் உயர அலை. ஒன்றும் ஆகவில்லை. கட்டும்போதே சுமார் 15 மீட்டர் உயரத்தில் கட்டியிருந்தார்கள். சுனாமியில் வீடு இழந்த ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கானோர் அந்த அணு மின் நிலையத்துக்குள்தான் அடைக்கலம் புகுந்தார்கள். ஃபுகுஷிமாவை நடத்திய டெப்கோ நிறுவனமோ 15 மீட்டருக்கு மேல் அலை வரலாம் என்று 2008இல் தானே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தது; ஒன்றும் செய்யவில்லை. இது மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்று ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012இல் அறிக்கை கொடுத்தது. என் கருத்தில், ஒரே அலை, இரண்டு நிலையங்கள் என்ற இந்த ஒப்பீடு ஐ.என்.இ.எஸ். எண்களைவிட அதிகம் கற்றுத்தருகிறது.

அணுசக்தி வேண்டாம் என்பவர்கள் இந்தப் பெயர்களைச் சொல்லி முடித்ததும், நான் வேறு சில பெயர்களைச் சொல்வேன். த்ரீ மைல் ஐலண்ட் நடந்த அதே 1979இல், ஆகஸ்ட் 11 அன்று, குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் மூழ்கியது. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில், சரியான எண்ணிக்கை இன்றுவரை சர்ச்சை. போபாலில் 1984 டிசம்பரில் விஷவாயு. இந்த இரண்டுக்கும் 1 முதல் 7 வரை யாரும் எண் கொடுக்கவில்லை. மோர்பியைப் பற்றி அமெரிக்கப் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லவில்லை. த்ரீ மைல் ஐலண்ட் பாடப்புத்தகத்தில் இருந்தது.

பே ஏரியாவில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கலிஃபோர்னியாவில் மிச்சமிருக்கும் ஒரே அணு மின் நிலையம் டயாப்லோ கான்யன். பக்கத்திலேயே கடலடியில் ஹாஸ்க்ரி நிலப்பிளவு. 1981இல் ஆயிரக்கணக்கானோர் அதன் வாசலை மறித்து, சுமார் 1,900 பேர் கைதானார்கள். அந்தப் போராட்டம் நடந்த அதே மாதத்தில், நிலநடுக்கத் தாங்கிகளுக்கு ஓர் உலையின் வரைபடத்தை மற்ற உலைக்குத் தவறாகப் பயன்படுத்தியிருந்தது வெளிவந்தது. ஆகவே போராடியவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் 1985 முதல் அந்த நிலையம் ஓடுகிறது, கதிர்வீச்சால் வெளியே யாரும் இறக்கவில்லை. அதை நடத்துவது பி.ஜி. அண்ட் இ. உங்கள் வீட்டுக்கு கரண்ட் பில் அனுப்பும் அதே நிறுவனம். 2010இல் சான் ப்ரூனோவில் அதன் எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள். 2018இல் அதன் மின்கம்பியிலிருந்து தொடங்கிய கேம்ப் ஃபயரில் 85 பேர். 84 மரணங்களுக்கு நிறுவனமே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒரே நிறுவனம். எரிவாயுவையும் கம்பியையும் கவனித்த விதம் ஒன்று, உலையைக் கவனிக்க வேண்டியிருந்த விதம் வேறு. காரணம், உலைக்குள் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வாளர்கள் தினமும் உட்கார்ந்திருக்கிறார்கள். குழாய்க்குப் பக்கத்தில் அப்படி யாரும் உட்காரவில்லை.

டெக்சாஸ் தம்பிக்கு இன்னொன்று. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் பே சிட்டி அருகே இருக்கும் சவுத் டெக்சாஸ் நிலையத்தின் முதல் உலை நின்றுபோனது. அழுத்தத்தை அளக்கும் ஒரு சின்னக் குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது, அவ்வளவுதான். உலை பாதுகாப்பாகவே நின்றது. பாதுகாப்பு அளவுகோலில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வாரம் மாநிலம் முழுவதும் எரிவாயு, நிலக்கரி, காற்றாலை என்று எல்லாம் விழுந்து, 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டு, மாநிலக் கணக்கின்படி 246 பேர் இறந்தார்கள். உலை ஓடினாலும் ஆபத்து இருக்கிறது, ஓடாவிட்டாலும் இருக்கிறது.

ஒரே அளவு மின்சாரத்துக்கு எத்தனை மரணம் என்று கணக்கிட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு டெராவாட் மணிக்கு நிலக்கரி சுமார் 25 பேரைக் கொல்கிறது, முக்கியமாகப் புகையால். அணுசக்தி, செர்னோபிலையும் ஃபுகுஷிமாவையும் சேர்த்தே, 0.03. காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் பக்கத்தில் வருகிறது. எனவே என் நிலைப்பாடு இது: சேலமும் டயாப்லோ கான்யனும் ஓடட்டும். த்ரீ மைல் ஐலண்டின் முதல் உலையும் சோதனைகளில் தேறினால் ஓடட்டும். 2019 வரை ஒழுங்காக ஓடியதுதான். நியூயார்க்கில் இந்தியன் பாயின்ட்டை 2021இல் மூடிய பிறகு அந்த இடத்தைப் பெரும்பாலும் எரிவாயுதான் பிடித்தது. அதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் 0.03 என்ற எண்ணை நாகர்கோவிலுக்கு வாட்ஸ்அப் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. சராசரி உலகத்துக்குச் சொந்தம். விபத்து ஓர் ஊருக்கு நடக்கிறது. அந்த எண்ணில் ப்ரிப்யாத் இல்லை, யாரும் திரும்பிப் போகாத வீடுகள் இல்லை, மீனை வாங்க ஆள் வராத கடல் இல்லை.

கூடங்குளம் உலைகள் செர்னோபில் வகை அல்ல. கவசம் உண்டு, உருகினால் ஏந்திக்கொள்ள அடியில் தனி அமைப்பும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் கடல்நீர் பம்ப் அறைக்குள் வந்தபோது ஓடிக்கொண்டிருந்த உலையை ஊழியர்கள் பத்திரமாக நிறுத்தினார்கள். அன்று இறந்தவர்கள் அலையில் இறந்தார்கள், பக்கத்து ஊழியர் குடியிருப்பில் இருந்தவர்கள் உட்பட. தொழில்நுட்பத்தைப் பற்றி மட்டும் பேசினால் நான் பெரியப்பா பெண்ணிடம் ஜெயித்துவிடுவேன்.

அவள் தொழில்நுட்பத்தைப் பேசவில்லை. ஃபுகுஷிமா நடந்த அதே 2011இல் இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன் மீனவக் குடும்பங்கள் உட்கார்ந்தபோது அவர்கள் கேட்டதில் முக்கியமானது தகவல். ஆய்வறிக்கையைக் காட்டுங்கள், வெளியேற்றத் திட்டத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். கிடைத்தது ஆயிரக்கணக்கானோர் மீது தேச துரோக வழக்கு. 2012 செப்டம்பரில் தடியடி, கண்ணீர்ப்புகை. மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உலையை ஓட்ட அனுமதித்தது. கூடவே 15 நிபந்தனைகள் விதித்து, வழக்குகளை வாபஸ் வாங்க முயலுங்கள் என்றும் சொன்னது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய சட்ட அதிகாரமும் சுதந்திரமும் இல்லை என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே 2012இல் எழுதினார். 2010இல் வந்த இழப்பீட்டுச் சட்டம் உலையை நடத்துபவரின் பொறுப்பை 1,500 கோடி ரூபாயோடு நிறுத்தியது. அமெரிக்காவில் இதே காரியத்துக்காக நிறுவனங்கள் சேர்ந்து வைத்திருக்கும் நிதி ஏற்பாடு பத்து பில்லியன் டாலருக்கும் மேல்.

நியூ ஜெர்சியில் அணு மின் நிலையத்துக்குப் பத்து மைலுக்குள் குடியிருந்தால் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். அந்த எட்டு நாள் அயோடின் தைராய்டில் ஏறாமல் தடுக்கும் மாத்திரைதான். எந்தப் பள்ளிக் குழந்தைகளை எந்த ஊருக்கு அழைத்துப் போவார்கள் என்று அச்சடித்த கையேடு வீட்டுக்கு வரும். உலையில் எந்தக் கோளாறு நடந்தாலும் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 1983இல் சேலத்தில் நடந்ததை நான் படித்தது அப்படித்தான்.

அந்தக் கையேட்டைப் படம் எடுத்து நாகர்கோவிலுக்கு அனுப்பினேன். "இது மாதிரி ஒண்ணு தமிழ்ல எங்க வீட்டுக்கு வந்துச்சுன்னா நான் உங்கூட சண்டை போட மாட்டேன்" என்று பதில் வந்தது. கூடங்குளத்தில் மூன்று முதல் ஆறு வரை புதிய உலைகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவளும் நானும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், வெளியேற்றத் திட்டத்தின் தமிழ்ப் பிரதி வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு கொடுக்கப் போகிறோம். அந்தச் சட்டத்தில் குடிமக்கள்தான் கேட்க முடியும். எனக்கு அமெரிக்க பாஸ்போர்ட். அதனால் கையெழுத்து அவளுடையது, பத்து ரூபாய் கட்டணம் என்னுடையது.